முகில்வழி நுண்சேவைகளும் போலச்செய்து காண்டலும்

தோற்றுவாய்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, எப்பொருள் பற்றி எழுதுவதெனச் சில நாள் எண்ணினோம். சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒரு மாலைவேளையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் எம்மிடம் தொடுத்த வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. “முகிலிலே இயங்கும் கணினிச் சேவையொன்றினை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நாடினால் அது தாங்குமா? தாங்கும் அல்லது தாங்காது என்பதை முன்னரே அறிவது எவ்வாறு?” என்பதே அவ்வினா. வினா சிறிது, விடையோ ஒரு தனிக்கலை.

சாய்ந்தமருதின் தென்னெல்லையை அடுத்துள்ள காரைதீவிலே 1892 ஆம் ஆண்டிற் பிறந்த விபுலானந்த அடிகளார், வழக்கொழிந்த யாழ்க் கருவிகளின் அமைப்பைப் பழைய நூற்சான்றுகளையும் இசைக் கணிதத்தையும் துணைக்கொண்டு ஆராய்ந்து, 1947 இல் ‘யாழ் நூல்’ எனும் பெருநூலாக வெளியிட்டார். கண்முன் இல்லாத கருவியைக் கணக்கினால் மீட்டுக் காண்டல் அவர் செய்த பணி. இன்னும் நிகழாத நெருக்கடியைக் கணக்கினால் முற்படக் காண்டல் இங்கு நாம் கூறப்புகுந்த கலை. இரண்டும் ஒரே மனப்பாங்கின் இரு கிளைகள் எனலாம்.

நுண்சேவையாவது யாது?

முகிற்கணிமை என்பது வானத்து முகிலன்று. தொலைவிலுள்ள பெருங்கட்டடங்களில் அடுக்கி வைக்கப்பட்ட பல்லாயிரம் சேவையகங்களை, வேண்டும்பொழுது வேண்டுமளவு வாடகைக்குப் பெறும் ஏற்பாடே அப்பெயர் பெற்றது. முன்னாளில் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் முழுவதும் ஒரே திரளாக இயங்கியது. இந்நாளில் அத்திரளைச் சிறுசிறு வினைகளாகப் பகுத்து, ஒவ்வொரு வினைக்கும் ஒரு தனி மென்பொருளை அமைக்கின்றனர். இவையே நுண்சேவைகள். ஒன்று ஆளை அடையாளங் காணும். ஒன்று கணக்கிருப்பைப் பார்க்கும். ஒன்று பதிவு செய்யும். மற்றொன்று குறுஞ்செய்தி அனுப்பும். ஒன்றையொன்று வலைப்பின்னல் வழியே கேட்டுப் பெற்றே அவை இயங்குகின்றன.

இதனை நம்மூர் மணவீட்டு விருந்தோடு ஒப்பிடலாம். பலர் சூழ்ந்திருந்து உண்ணும் சஹன் பந்திக்கு வரவேண்டுமாயின் சோறு ஒருவரிடமிருந்தும், இறைச்சிக்கறி வேறொருவரிடமிருந்தும், பருப்பு, அச்சாறு முதலியன பிறரிடமிருந்தும் வந்து சேர வேண்டும். சோறாக்குபவர் எத்துணை விரைவினராயினும் அச்சாறு வகுப்பவர் தாமதித்தால் சஹன் வெளிச்செல்லாது. எல்லாருள்ளும் மிகப் பிந்தியவர் எவரோ அவரது வேகமே பந்தியின் வேகமாகும்.

இதன் கணக்கு நம்மை வியப்பில் ஆழ்த்துவது. ஒவ்வொரு நுண்சேவையும் நூறு தடவையில் தொண்ணூற்றொன்பது தடவை விரைந்து விடையளிக்கும், ஒரு தடவை மட்டும் தாமதிக்கும் எனக் கொள்வோம். ஒரு வேண்டுகோள் எட்டுச் சேவைகளைத் தொட்டு மீளுமாயின், நூறு வேண்டுகோள்களில் ஏறத்தாழ எட்டுத் தாமதமுறும். நூறு சேவைகளைத் தொடுமாயின் அறுபத்து மூன்று தாமதமுறும். உறுப்புகள் தனித்தனியே நன்றாயிருந்தும் முழுமை பழுதுறக்கூடும் என்னும் இவ்வுண்மையைக் கூகுள் நிறுவனத்து அறிஞர்களாகிய டீன், பறோசோ இருவரும் 2013 இல் வெளிவந்த தம் கட்டுரையிற் தெளிவாக எடுத்துக் காட்டினர்.

நுண்சேவைகள் எவ்வளவு பெருகிவிட்டன என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். சீன நாட்டின் அலிபாபா நிறுவனத்துக் கணினித் தொகுதிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2021 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று ஏறத்தாழ இருபதினாயிரம் நுண்சேவைகளைப் பற்றிப் பேசுகின்றது. இத்துணை உறுப்புகளுடைய ஒன்றினை மனக்கணக்கால் அளந்தறிதல் எவர்க்கும் இயலாது.

போலச்செய்து காண்டல்

ஒரு தொகுதி எவ்வளவு சுமை தாங்கும் என அறிய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உண்மைத் தொகுதியின் மேலேயே செயற்கைச் சுமையை ஏற்றிப் பார்த்தல். இரண்டாவது, சூத்திரங்களால் விடை காணுதல். மூன்றாவது, தொகுதியின் நடத்தையைப் போன்றதொரு நடத்தையைக் கணினிக்குள் இயக்கிப் பார்த்தல். ஆங்கிலர் ‘சிமுலேசன்’ என வழங்கும் இம்மூன்றாவதையே யாம் போலச்செய்து காண்டல் என்கின்றோம்.

முதல்வழி நம்பத்தக்கது, ஆயினும் பெருஞ்செலவினது. இந்தியாவின் ஹொட்ஸ்டார் நிறுவனத்தார் கிரிக்கெட்டுப் போட்டிகளுக்கு முன்னர் ஆயிரக்கணக்கான கணினிகளை வாடகைக்கெடுத்து, அவற்றைப் போலிப் பார்வையாளராக்கித் தம் சேவையைச் சோதித்தனர். அவ்வாறு சோதித்தமைக்கும் காரணம் இருந்தது. 2019 யூலை 10 ஆம் நாள், உலகக்கிண்ண அரையிறுதியில் இந்தியா நியூசிலாந்தை எதிர்த்தாடியபோது இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் அச்சேவையின்வழி ஆட்டத்தைக் கண்டனர். தோனி ஓட்டமிழந்து வெளியேறியதும் பெருந்திரளானோர் ஆட்டத்தைவிட்டு நீங்கினர். பார்ப்போர் நீங்கினாற் சுமை குறையுமன்றோ என நாம் எண்ணுவோம். அது பாதி உண்மையே. நீங்குவோர் திரும்பி வந்து சேருமிடம் சேவையின் முகப்புப்பக்கம். ஆதலின் காணொளிச் சேவையின் சுமை வீழும் அதே கணத்தில் முகப்புப்பக்கத்தை ஆக்கும் நுண்சேவைகளின் மேற் சுமை வந்து வீழும். சுமை குறைதலும் ஒரு சுமையே என்பது நுண்சேவை உலகின் விந்தைகளுள் ஒன்று.

சூத்திரவழி பழைமையானது. டென்மார்க்கு நாட்டைச் சேர்ந்த ஏர்லாங் என்பார் தொலைபேசி நிலையத்தில் எத்தனை தொடுப்புகள் வேண்டும் என அறியும் பொருட்டு 1909 ஆம் ஆண்டளவில் வரிசைக் கணிதத்திற்கு அடிகோலினார். ஆயினும் சூத்திரங்கள் எளிய அமைப்புகளுக்கே முற்றாகப் பொருந்தும். சிக்கல் மிகும்போது போலச்செய்து காண்டலே கைகொடுக்கும்.

ஒரு கைக்கணக்கு

இக்கலையின் உயிர்நிலையை அறிதற்குக் கணினி வேண்டுவதில்லை; தாளும் பென்சிலும் போதும். மாணவர் இதனைத் தாமே செய்து பார்ப்பாராக.

ஒரு கருமபீடம் உளது. வருவோர் ஒவ்வொருவர்க்கும் சரியாக நான்கு நிமிடம் செல்லும். ஐவர் முறையே 0, 2, 3, 9, 10 ஆம் நிமிடங்களில் வருகின்றனர். முதல்வர் காத்திராமல் வேலையை முடித்து 4 ஆம் நிமிடத்தில் நீங்குவார். இரண்டாமவர் 2 இல் வந்து 4 இல் தொடங்குவார். காத்திருப்பு 2 நிமிடம். மூன்றாமவர் 3 இல் வந்து 8 இல் தொடங்குவார், காத்திருப்பு 5. நான்காமவர் 9 இல் வந்து 12 இல் தொடங்குவார், காத்திருப்பு 3. ஐந்தாமவர் 10 இல் வந்து 16 இல் தொடங்குவார், காத்திருப்பு 6. கூட்டுத்தொகை 16, சராசரி 3.2 நிமிடம்.

இனி இரண்டாவது கருமபீடம் ஒன்றைத் திறப்போம். அதே ஐவர், அதே நிமிடங்களில் வருகின்றனர். முதலிருவரும் காத்திரார். மூன்றாமவர் மட்டும் முதற்பீடம் ஒழியும் 4 ஆம் நிமிடம்வரை ஒரு நிமிடம் காத்திருப்பார். நான்காமவரும் ஐந்தாமவரும் காத்திரார். சராசரி 0.2 நிமிடம். பீடத்தை இரட்டித்தோம், காத்திருப்போ பாதியாகவில்லை, பதினாறில் ஒன்றாயிற்று. இவ்விடையை ஊகத்தாற் கூறியிருப்பார் மிகச் சிலரே.

இங்கு நாம் கையாண்ட முறையைக் கவனிக்க. கடிகாரத்தை ஒவ்வொரு செக்கனாக நகர்த்தினோமல்லோம். ஒருவர் வருதல், ஒருவர் நீங்குதல் ஆகிய நிகழ்வுகளை மட்டும் கால ஒழுங்கில் எழுதி, ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவினோம். இதுவே நிகழ்வுவழிப் போலச்செய்தல். உலகின் பெரிய போலச்செய் மென்பொருள்களும் அடிப்படையில் இதனையே செய்கின்றன. வருகை நேரங்களை மட்டும் அவை தற்செயல் எண்களால் ஆக்கிக்கொள்ளும்.

நிறைவை நெருங்கும் ஆபத்து

2022 ஆம் ஆண்டில் நம் நாட்டில் எரிபொருள் அருகி, மக்கள் இரவு பகலாக வீதியோரங்களிற் காத்துக் கிடந்தமையை எவரும் மறந்திரார். அவ்வாண்டு யூலையில் தேசிய எரிபொருள் அனுமதி என்னும் கியூஆர் குறியீட்டுத் திட்டம் அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் எனப் பங்கு வகுக்கப்பட்டது. 2023 செப்டெம்பர் 1 ஆம் நாள் அது நிறுத்தப்பட்டது. அவ்வகைத் திட்டமொன்றினைக் கற்பனையாக அமைத்துப் பாடமாகக் கொள்வோம்.

ஆயிரத்து இருநூறு நிரப்பு நிலையங்கள் உள்ளன; ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு மூன்று வாகனங்களின் குறியீடு படிக்கப்படுகின்றது எனக் கொள்க. ஆயின் செக்கனுக்கு அறுபது வேண்டுகோள்கள் வந்து சேரும். பங்கைச் சரிபார்க்கும் நுண்சேவை செக்கனுக்குச் சராசரியாக நூறு வேண்டுகோள்களை முடிக்கவல்லது என்க. வருகையும் வேலைநேரமும் ஒழுங்கின்றித் தற்செயலாக அமையுமாயின், வரிசைக் கணிதம் கூறும் விதி எளியது: முடிக்கவல்ல தொகையிலிருந்து வரும் தொகையைக் கழித்து, அம்மிகுதியால் ஒன்றை வகுத்தால் ஒரு வேண்டுகோள் தங்கும் சராசரி நேரம் செக்கனிற் கிடைக்கும்.

அறுபது வரும்போது தங்கும் நேரம் 25 மில்லிசெக்கன். எண்பது வரும்போது 50. தொண்ணூறு வரும்போது 100. தொண்ணூற்றொன்பது வரும்போது 1000 மில்லிசெக்கன், அஃதாவது ஒரு முழுச் செக்கன். அறுபதிலிருந்து தொண்ணூற்றொன்பதாகச் சுமை இரு மடங்கும் ஆகவில்லை. தாமதமோ நாற்பது மடங்காயிற்று. நூற்றிருபது வருமாயின் சூத்திரத்திற்கே இடமில்லை. செக்கனுக்கு இருபதாக வரிசை வளர்ந்து, பத்து நிமிடத்திற் பன்னீராயிரம் வேண்டுகோள்கள் தேங்கும். ‘இன்னும் சிறிது தாங்கும்’ எனச் சுமையேற்றுவோர் இவ்வளைகோட்டை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நோய் நீங்கியும் நீங்காத காய்ச்சல்

சராசரி விதியினாற் காணவியலாத, போலச்செய்து பார்த்தாலன்றித் தெளிவாகாத ஓர் ஆபத்தை இனி விளக்குவோம்.

செக்கனுக்கு தொண்ணூறு வேண்டுகோள்கள் வந்துகொண்டிருக்கையில், அச்சேவை முப்பது செக்கன் நின்றுபோய் மீண்டும் எழுந்தது எனக் கொள்வோம். இடைப்பொழுதில் 2700 வேண்டுகோள்கள் தேங்கியிருக்கும். சேவையின் மிகைத்திறன் செக்கனுக்குப் பத்து. ஆதலின் தேக்கம் 270 செக்கனில், ஏறக்குறைய நான்கரை நிமிடத்தில், வடிந்துவிடும். கணக்களவில் அச்சமில்லை.

மனிதரோ கணக்கின்படி நடப்பவரல்லர். பத்துச் செக்கனில் விடை வராவிடின் குறியீட்டைப் படிப்பவர் மீண்டும் ஒருமுறை படிப்பார். தேங்கிய 2700 ஐ முடிக்க 27 செக்கன் வேண்டுமாதலால், புதிதாக வரும் ஒவ்வொருவரும் குறைந்தது இருமுறை வேண்டுகோள் விடுப்பர். செக்கனுக்குத் தொண்ணூறு வந்த இடத்தில் நூற்றெண்பது வரும். சேவையின் ஆற்றலோ நூறு. தேக்கம் வடிவதற்குப் பதிலாக வளரும். வளர்ந்த தேக்கம் மேலும் பலரை மீண்டும் முயலத் தூண்டும். முதற்பழுது என்றோ திருந்திவிட்டது; அதனால் எழுந்த காய்ச்சல் மட்டும் தானே தன்னை வளர்த்துக்கொள்கின்றது.

இதற்கு மருந்தும் போலச்செய்து பார்த்தே தேரப்படுகின்றது. மீள்முயற்சிக்கு ஓர் எல்லை விதித்தல், ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியை இரட்டித்தல், எல்லாரும் ஒரே கணத்தில் முயலாவண்ணம் இடைவெளிகளைத் தற்செயலாகச் சிதறுதல், தாங்கவியலாத வேண்டுகோளை வாயிலிலேயே பணிவாக மறுத்தல் என்பன அவற்றுட் சில. மடைவாயிலே நீரை அளந்து விடாவிடின் கடைவயல் அழியும் என்பதை நம் வட்டவிதானைமார் நன்கறிவர்.

பெருமளவில் போலச்செய்தல்

இதுகாறும் ஒரு சேவையையே கண்டோம். செக்கனுக்கு அறுபது வேண்டுகோள், ஒவ்வொன்றும் எட்டுச் சேவைகளைத் தொடும், ஒவ்வொரு தொடுகைக்கும் வருகை, நீக்கம் என இரு நிகழ்வுகள் எனின், செக்கனுக்கு 960 நிகழ்வுகள். ஒரு மணி நேரத்துக்கு 34,56,000. இது மடிக்கணினி ஒன்றுக்கே இயலும். ஆயிரக்கணக்கான சேவைகளும் செக்கனுக்கு இலட்சக்கணக்கான வேண்டுகோள்களும் எனின் ஒரு கணினி களைத்துப்போம். வேலையைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளித்தல் வேண்டும்.

பகிர்ந்தளித்தவுடன் புதியதொரு சிக்கல் எழும். ஒவ்வொரு கணினியும் தனக்கெனக் கற்பனைக் கடிகாரம் ஒன்றை உடையது. ஒரு கணினி தன் கடிகாரத்தில் பத்து மணிவரை நிகழ்வுகளை முடித்துவிட்டபின், அயற்கணினியிலிருந்து ‘ஒன்பதரை மணிக்கு ஒரு வேண்டுகோள் வந்தது’ எனச் செய்தி வருமாயின் என் செய்வது? காரணத்துக்கு முன் காரியம் நிகழ்ந்ததாக ஆகிவிடுமன்றோ?

இச்சிக்கலை அவிழ்த்தோருள் ஒருவர் சென்னையிற் கற்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் 1965 இற் பட்டம் பெற்ற மணி சாந்தி அவர்கள், ஜயதேவ மிஸ்ரா என்பாருடன் சேர்ந்து 1979 இல் ஒரு முறையை வெளியிட்டார். எந்த அயலவரிடமிருந்தும் முற்பட்ட நேரத்துச் செய்தி இனி வாராது என உறுதிப்பட்ட பின்னரே ஒரு கணினி முன்செல்லல் வேண்டும். அனுப்புதற்குச் செய்தி இல்லாதோரும் ‘இன்ன நேரம்வரை என்னிடமிருந்து ஒன்றும் வாராது’ என வெற்றுச் செய்தி விடுத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பிரையன்ற் என்பாரும் தனியே இதே கருத்தை எய்தினார். ஜெபர்சன் என்பார் 1985 இல் வேறொரு வழி கூறினார்: அஞ்சாது முன்செல்க; தவறு நேர்ந்ததெனத் தெரிந்தால் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பி, செய்தவற்றை அழித்து மீண்டும் செய்க. பொறுத்துச் செல்வாரும் துணிந்து சென்று திருத்திக்கொள்வாரும் எனும் இருவகை மாந்தரையும் இவ்விரு முறைகள் நினைவூட்டுகின்றன.

முகிற்கணிமைக்கெனவே அமைந்த போலச்செய் மென்பொருள்களுள் ‘கிளவுட்சிம்’ புகழ்பெற்றது. இந்தியாவில் இளமைக் கல்வி பெற்ற ராஜ்குமார் புய்யா அவர்கள் தலைமையில் ஒஸ்திரேலியாவின் மெல்பேண் பல்கலைக்கழக ஆய்வுக்குழுவினர் 2009 ஆம் ஆண்டளவில் அதனை ஆக்கி, எவரும் இலவசமாய்ப் பெறுமாறு வெளியிட்டனர். அதன் வழிவந்த ‘ஐபொக்சிம்’ என்பதன் இரண்டாம் பதிப்பு நுண்சேவைகளையும் கையாளவல்லது. ‘பேர்ப்சிம்’, ‘மியூகியூசிம்’ என்பன நுண்சேவைச் சங்கிலிகளின் வேகத்தை ஆராய்வதற்கெனவே பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆக்கப்பட்டவை. கோடிக்கணக்கிற் பணம் செலவிட்டு நடத்த வேண்டிய சோதனையின் பெரும்பகுதியை, சாதாரண மாணவரொருவர் தம் வீட்டு மேசையிலேயே நடத்திப் பார்க்க இவை இடந்தருகின்றன.

எல்லைகள்

போலச்செய்து காண்டல் சோதிடமன்று. உள்ளிடும் எண்கள் பிழைத்தால் விடையும் பிழைக்கும். சராசரி வேலைநேரத்தை மட்டும் கொடுத்து, அரிதாய் நேரும் நெடுந்தாமதங்களை விட்டுவிட்டால் மாதிரி பொய்யான ஆறுதலைத் தரும். ஒரு சேவையின் தாமதம் மற்றொன்றின் தாமதத்தோடு தொடர்பற்றது எனக் கொள்வதும் பெரும்பிழையாகலாம். இரண்டும் ஒரே சேவையகத்தில் இயங்கினால் இரண்டும் ஒன்றாய்த் தளரும். ஆதலின் நல்லார் முதலில் உண்மைத் தொகுதியிற் சிறிய சுமையை அளந்து, அவ்வளவை மாதிரியும் தருகின்றதா எனப் பார்ப்பர். தெரிந்ததைச் சரியாகக் கூறிய மாதிரியையே தெரியாதது பற்றி வினவுவர். தற்செயல் எண்களை மாற்றிப் பன்முறை இயக்கி, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் சேர்த்தே கூறுவர். ஒரே ஒரு தடவை இயக்கிப் பெற்ற விடை, நாணயத்தை ஒருமுறை சுண்டிப் பெற்ற அறிவை ஒத்தது.

நமக்கு இதனால் ஆவதென்ன?

இவையெல்லாம் பெருநாட்டு நிறுவனங்களின் கவலையன்றோ, நம்மூரார்க்கு இதனால் ஆவதென்ன எனச் சிலர் வினவக்கூடும். அவர்க்கு விடை நம் கடற்கரையிலேயே உளது.

2004 டிசெம்பர் 26 ஆம் நாட் காலையிற் சுமாத்திராக் கடலடியில் நிலம் நடுங்கியபின், அலை நம் கிழக்குக் கரையை வந்தடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சென்றது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் நம் மக்களுக்கு ஓர் எச்சரிக்கையும் எட்டவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை ஊர்களில் இழப்பில்லாத குடும்பங்களைத் தேடியே காணல் வேண்டும். 2012 ஏப்பிரல் 11 ஆம் நாள் அக்கடலில் மீண்டும் பெரியதொரு நடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையைவிட்டு அகன்றனர், பேரலை எழவில்லை. ஆயினும் அன்று எல்லாரும் ஒரே நேரத்தில் உறவினரை அழைக்க முயன்றமையாற் கைத்தொலைபேசி இணைப்புகள் நெரிசலுற்றன. கிடையாத இணைப்பை மீண்டும் மீண்டும் அழைத்தோரும் பலர். மேலே யாம் கூறிய மீள்முயற்சிக் காய்ச்சல் இதுவே.

எச்சரிக்கைச் செய்தி விடுக்கும் சேவையும், தஞ்சம் புக்கோரின் பெயர்ப்பதிவும், வைத்தியசாலைப் படுக்கைக் கணக்கும் இன்று நுண்சேவைகளாகவே அமைக்கப்படுகின்றன. இலட்சம் பேர் அஞ்சி ஓடும் வேளையை உண்மையிற் படைத்து அவற்றைச் சோதித்தல் ஆகாது, படைத்தலும் தகாது. அவ்வேளையைக் கணினிக்குள் மட்டுமே படைத்துப் பார்க்கலாம். அங்கு ஒரு சேவை வீழ்ந்தாற் கண்ணீர் வடிப்பார் இலர், திருத்துவார் உளர். கரையில் அது வீழ்ந்தால் திருத்துதற்கு நேரமில்லை.

முடிபுரை

மாணவர் மூன்று செய்திகளை மனத்திருத்துவாராக. பல உறுப்புகள் சேர்ந்த ஒன்றின் வேகம் அதன் மிகப் பிந்திய உறுப்பின் வேகம். நிறைவை நெருங்கும்போது தாமதம் படிப்படியாக ஏறாது, தாவி ஏறும். பழுதைவிடப் பழுதுக்கு மனிதர் காட்டும் பதற்றம் பெரிய சுமையாகலாம்.

இக்கலைக்கு வேண்டிய கணிதம் உயர்தர வகுப்பின் நிகழ்தகவுப் பாடத்திலேயே தொடங்குகின்றது. மேற்கொண்டு கற்க விரும்புவோர்க்கு, 1995 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாய் உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் அண்மையிலேயே உளது. அன்று கடற்கரையில் வினாத் தொடுத்த மாணவர்க்கு யாம் தாளில் அந்த ஐவர் கணக்கையே போட்டுக் காட்டினோம். அவருள் ஒருவர், மூன்றாவது பீடமும் திறந்தால் என்னாகும் எனத் தாமே கணக்கிட்டு, காத்திருப்பு முற்றாக ஒழியும், ஆயினும் அப்பீடம் பெரும்பொழுது வெறுமனே கிடக்கும் என்றார். எவ்வளவு திறனை வெறுமனே வைத்திருப்பது நெருக்கடிக்கு நாம் செலுத்தும் காப்புறுதி, எவ்வளவு வீண் என்னும் வினாவை அவர் தாமாகவே எய்திவிட்டார். அவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பினை நம் கல்லூரியினதும் இக்கரையினதும் இளையோரிடம் நம்பிக்கையுடன் விடுக்கின்றோம்.